கடைமடைக் குழாயில் எந்தத் தண்ணீர்?

திருச்சிக்கு மேற்கே முத்தரசநல்லூர் பக்கம் காவிரியின் மணற்படுகையில் ஊறும் நீரை மோட்டார்கள் இறைக்கின்றன. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து அந்த நீர் ராமநாதபுரம் கடற்கரை வரை குழாயிலேயே வருகிறது. முத்தரசநல்லூருக்கும் அந்தக் கடற்கரையில் இருக்கும் உப்பூருக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே 130 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ 616 கோடி ரூபாயில் அமைந்த இந்தக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 5 நகராட்சிகள், 11 பேரூராட்சிகள், 3,163 ஊரகக் குடியிருப்புகள் ஆகியவற்றுக்கென வகுக்கப்பட்டது. அது வருவதற்கு முன்னால் இந்தக் கரையோரப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு எத்தனை மைல் நடந்தார்கள் என்பதை இங்கே பிறந்த எவரும் சொல்வார்கள். அந்தத் திட்டம் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் உப்பூர் அந்தக் குழாயின் கடைமடை. வாய்க்காலின் கடைமடை வயலுக்கு என்னென்ன நேருமோ, குழாயின் கடைமடை ஊருக்கும் அவை எல்லாம் நேரும். வழியில் எங்காவது குழாய் உடைந்தாலும், நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனாலும், இடையில் இருக்கும் ஊர்கள் கூடுதலாகப் பிடித்துக்கொண்டாலும், அழுத்தம் முதலில் குறைவது இங்கேதான். ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பொறியாளர்கள் வழக்கமாக 30 ஆண்டுக்குக் கணக்குப் போட்டு வடிவமைக்கிறார்கள். இன்று வரையப்படும் திட்டம் 2055-ல் இருக்கப்போகும் உப்பூருக்கும் சேர்த்தே வரையப்பட வேண்டும். அன்று காவிரி எப்படி இருக்கும்?

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. கர்நாடகத்திலும் வறட்சி, மேட்டூர் அணை தரைதட்டியது. இரண்டே ஆண்டில், 2018 ஆகஸ்ட் 22 இரவு, காவிரி வெள்ளத்தின் வேகத்தில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. நீர் இல்லாமலும் நீர் மிகுந்தும் ஒரே ஆறு நம்மைக் கைவிடக்கூடும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின. இப்போது 2,800 கோடி ரூபாய்க்கு மேலான செலவில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இன்னொரு காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. தேவை பெருகியிருக்கிறது, திட்டம் வரட்டும். ஆனால் ஒரே ஆற்றிலிருந்து இரண்டு குழாய் போட்டால் இரண்டு நீராதாரம் ஆகிவிடாது.

இந்த மாவட்டம் மழையே பெய்யாத ஊரும் இல்லை. ஆண்டு சராசரி சுமார் 820 மில்லிமீட்டர். லண்டனில் பெய்வதைவிட இது அதிகம். சிக்கல் எங்கே என்றால், அந்த மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிச்சமுள்ள மாதங்களில் வெயில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதில் பாதி! தெருக்களில் இடுப்பளவு நின்று, வீடுகளுக்குள் புகுந்து, கடலுக்குப் போனது. அதே தீவில் சித்திரையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட மழையைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர் கண்மாய்களை வெட்டினார்கள். உப்பூருக்கு மேற்கே இருக்கும் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்கு 48 மடைகள் என்று ஊரில் சொல்வார்கள்; அதன் நீளத்தை நாரை பறந்து கடக்க முடியாது என்றும் சொல்வார்கள். வானத்து நீர் மட்டும் போதாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று முதலில் ஆள் அனுப்பிப் பார்த்தவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. அது 18-ஆம் நூற்றாண்டின் இறுதி. நூறு ஆண்டு கழித்து, 1895-ல், பென்னிகுவிக் கட்டிய அணை அதை நிறைவேற்றியது. அந்த நீரால் மதுரை, தேனிப் பக்கம் வயல்கள் விளைந்தன. முதலில் கனவு கண்ட ராமநாதபுரத்துக்கு வந்து சேர்ந்தது மிகச் சொற்பம். அப்போதும் நாம் கடைமடைதான்.

அடுத்து, தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடலை ஒட்டி இருந்தும் ராமேஸ்வரம் கோயிலின் தீர்த்தக் கிணறுகளில் உப்புக் கரிக்காத நீர் ஊறுகிறது. தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டினால் குடிக்கத்தக்க நீர் கசிகிறது. இருபுறமும் கடல் சூழ்ந்த மணல்திட்டில் இது எப்படி நடக்கிறது? மழைநீர் மணலுக்குள் இறங்கும்போது அங்கே ஏற்கெனவே இருக்கும் கடல்நீரின் மேல் தங்குகிறது. நல்ல நீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால் நல்ல நீர் மேலே மிதக்கிறது. ஆப்பத்தைப் போல நடுவில் கனத்தும் ஓரங்களில் மெலிந்தும் பரவி நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரம் 1 மீட்டர் என்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது இருக்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரு ஐரோப்பியர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆபத்து தெரியும். மேல்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால், கீழேயிருந்து உப்புநீர் 4 மீட்டர் ஏறிவரும். ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரை விடிய விடிய ஓட்டினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரையோரக் கிராமங்கள் பார்த்தாகிவிட்டது. முதல் வருடம் நல்ல தண்ணீர், அடுத்த வருடம் சப்பைத் தண்ணீர், பிறகு வாயில் வைக்க முடியாத உவர். ஒரு தடவை உப்பேறிய மணலைக் கழுவித் தருவதற்குப் பல நல்ல மழைக்காலங்கள் வேண்டும். ஊருணித் தரையில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற அளவுக்குக் கிண்ணத்தால் கோரி எடுத்த பழைய வழக்கத்தில் பெண்கள் பட்ட பாடு கொடியது. அது திரும்ப வரக் கூடாது. ஆனால் மேலாக, மெதுவாக, ஊறும் அளவே எடுக்க வேண்டும் என்ற அதன் அறிவு சரியானது. இன்று அதையே ஆழமில்லாத கிணறும் சிறிய மோட்டாரும் உப்பு அளக்கும் கருவியும் கொண்டு செய்யலாம்.

ஊருணி என்றதும் அது பழங்காலத்துச் சங்கதி என்று தள்ளிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 ஏக்கர் பரப்பும் 3 மீட்டர் ஆழமும் உள்ள ஊருணி நிறைந்தால் ஏறத்தாழ 1.2 கோடி லிட்டர். தை முதல் புரட்டாசி வரை வெயில் குடிப்பது குறைந்தது 1.2 மீட்டர் என்று வைத்தால், அதில் 50 லட்சம் லிட்டர் போய்விடும். எஞ்சுவது 70 லட்சம். 2,000 பேர் உள்ள ஊரில் ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர் என்றால், 270 நாளுக்கு 54 லட்சம் லிட்டர் போதும். கரைச் சரிவுக்கும் கசிவுக்கும் கொஞ்சம் கழித்தாலும் தாக்குப்பிடிக்கும். வரத்துக்கால் அடைபடாமல் இருந்து, சீமைக்கருவேலம் அகற்றி, ஆடுமாடு இறங்காமல் வேலி போட்டு, கரையில் ஒரு மணல்வடிகட்டி கட்டினால், காவிரிக் குழாய் ஒரு மாதம் நின்றாலும் அந்த ஊர் தவித்துப்போகாது. ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் ஆளுக்கு 55 லிட்டர் முழுவதையும் ஊருணி தராது. குடிக்கும் தண்ணீரையும் புழங்கும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. திட்டம் போடுகிறவர்களும் அப்படிப் பிரித்துக் கணக்குப் போட்டால், பெரிய எண்கள் பாதியாகச் சுருங்கும்.

இவ்வளவு கடல் இருக்கும்போது அதையே குடிநீராக்கினால் என்ன என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் எழும். இந்த மாவட்டம் அதைச் சோதித்துப் பார்த்த மாவட்டம். சாயல்குடிக்கு அருகே நரிப்பையூரில் 1990-களின் பிற்பகுதியில் பெல் நிறுவனம் அமைத்த ஆலை, நாளுக்கு 38 லட்சம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் திறனுடையது. இந்தியாவில் ஊரகக் குடிநீருக்கென்று அந்த அளவில் கட்டப்பட்ட தொடக்ககால ஆலைகளில் ஒன்று. சில ஆண்டுகள் பல கிராமங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அது நின்றுபோனது. பின்னர் இதே மாவட்டத்தின் குதிரைமொழியில் நாளுக்கு 6 கோடி லிட்டர் ஆலை ஒன்று திட்டமிடப்பட்டது.

அந்த ஆலைக்குள் நடப்பது இதுதான். உப்புநீரையும் நன்னீரையும் ஒரு மெல்லிய சவ்வால் பிரித்தால், இயற்கையாக நன்னீர்தான் உப்புப் பக்கம் நகரும். அந்த நகர்வுக்குக் காரணமான அழுத்தம், கடல்நீரைப் பொறுத்தவரை காற்றழுத்தத்தைப் போல 27 மடங்கு. அதைவிட வலுவாக எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினால் நீர் திரும்பி வரும், உப்பு பின்தங்கிவிடும். நடைமுறையில் 55 முதல் 70 மடங்கு வரை தள்ளுகிறார்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருந்த நீர், வெளியே வரும்போது அரை கிராமுக்கும் கீழே வந்துவிடும். செலவு அந்தத் தள்ளுதலில்தான் இருக்கிறது. ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 6 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு 2 லட்சம் யூனிட். கமுதியில் 2016-ல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நல்ல வெயில் நாளில் 25 லட்சம் யூனிட்டுக்குக் குறையாமல் தரக்கூடியது. அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆகவே மின்சாரம் கிடைக்காது என்று சொல்லிக் கடல்நீர்த் திட்டத்தைத் தள்ள முடியாது. அந்த மின்சாரத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டுவது யார் என்பதுதான் கேள்வி. உப்புக்காற்றில் பம்பும் வால்வும் துருப்பிடிக்கும், சவ்வுகளைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கட்டுவதற்கு ஒருமுறை நிதி ஒதுக்கி, நடத்துவதற்கு ஒதுக்காமல் விட்டால் எந்த ஆலையும் நிற்கும். ஊராட்சிகளில் வைத்த சிறிய ஆர்.ஓ. எந்திரங்கள் பல பூட்டிக் கிடப்பதும் இதனால்தான்.

இன்னொன்று, மிஞ்சும் நீர். 6 கோடி லிட்டர் நன்னீர் எடுக்க 15 கோடி லிட்டர் கடல்நீர் இழுத்தால், மீதி 9 கோடி லிட்டர் லிட்டருக்கு 58 கிராம் உப்போடு கடலுக்குத் திரும்பும். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியின் கடல்நீர் ஆலையில் என்றால், திறந்த வங்கக்கடலின் அலை அதை அடித்துக் கலக்கிவிடும். உப்பூரின் கடல் அப்படிப்பட்டது அல்ல. பாக் நீரிணையின் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு உள்ளேதான். அலை குறைவு, நீர் மாறுவதும் மெதுவாக. அடியில் கடற்புல் படர்ந்திருக்கிறது. அதை மேய்ந்து கடற்பசு வாழ்கிறது. இந்த நீரிணையின் வடபகுதியில், தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில், 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் வரவிருந்தபோது, கடல்நீரை எடுத்துத் திரும்ப விடும் ஏற்பாட்டை இங்குள்ள மீனவர்கள் எதிர்த்துப் போராடியது சும்மா இல்லை. 2021-ல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. கரைவலையையும் சிறு படகையும் நம்பி வாழும் ஊருக்கு ஆழமில்லாத கடலின் அடிப்புல் எவ்வளவு முக்கியம் என்பதை அவர்களைவிட யாரும் நன்றாகச் சொல்லிவிட முடியாது. இந்தக் கரையில் பெரிய கடல்நீர் ஆலை கட்டுவதென்றால் மன்னார் வளைகுடாப் பக்கமும் கவனம் வேண்டும், பாக் நீரிணைப் பக்கம் அதைவிட இரண்டு மடங்கு கவனம் வேண்டும் என்பது என் முடிவு.

நீரிணைக்கு அப்பால் நம் உறவுகளும் இதே இடத்தில் நின்றார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவர்ப்பேறியபோது, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொண்டுபோகத் திட்டம் வந்தது. தங்கள் வயலுக்கே போதாது என்று கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பின், தாளையடியில் நாளுக்கு 2.4 கோடி லிட்டர் கடல்நீர் ஆலை கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வேளாண்மை நீரைக் குடிநீராக்கும்போது இரண்டு ஏழைகள் எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள். காவிரியிலும் வைகையிலும் நமக்கும் அது நேரலாம்.

இன்னொரு நீராதாரத்தைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. ஊர்கள் பயன்படுத்திவிட்டு வெளியே விடும் நீர். அதைச் சுத்திகரித்து மறுபடி குடிநீராக்குவது என்றால் முகம் சுளிக்கிறோம். அந்தச் சுளிப்பு இயல்பானது, மதிக்க வேண்டியது. அசுத்தமான நீரிலிருந்து விலகியதால்தான் மனித இனம் பிழைத்தது. ஆனால் ஒரு விஷயத்தை நேராகப் பார்ப்போம். முத்தரசநல்லூருக்கு மேலே காவிரியையும் அதன் துணையாறுகளையும் ஒட்டிப் பவானி, ஈரோடு, கரூர் என்று ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களின் கழிவுநீரும் ஆற்றில்தான் சேர்கிறது. வைகையில் மதுரையின் சாக்கடை கலப்பதைப் பாலத்தில் நின்று பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அதற்குக் கீழே எத்தனையோ ஊர்கள் அந்த ஆற்றுமணலில்தான் கிணறு வைத்துக் குடிக்கின்றன. ஆற்று மணல் நல்ல வடிகட்டிதான். கிருமிகளில் பெரும்பங்கை அது நிறுத்திவிடும். கரைந்திருக்கும் உப்பையும் சாய ரசாயனத்தையும் மருந்து எச்சத்தையும் நிறுத்தாது. ஆக, பயன்படுத்திய நீரைத்தான் நாம் ஏற்கெனவே குடிக்கிறோம். வேண்டுமா வேண்டாமா என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை, யாரும் அளந்து காட்டவும் இல்லை.

திட்டமிட்டுச் செய்யும் ஊர்களில் அளந்து காட்டுகிறார்கள். முதலில் வழக்கமான கழிவுநீர் நிலையத்தில் நுண்ணுயிர்களைக் கொண்டு கசடை நீக்குகிறார்கள். அடுத்து, மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு முதல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரையிலான துளையுள்ள வடிகட்டி. பாக்டீரியா அதோடு நின்றுவிடும். மூன்றாவதாக, கடல்நீர் ஆலையில் இருக்கும் அதே வகைச் சவ்வு. கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துப் புற ஊதாக் கதிரின் வழியே செலுத்துகிறார்கள். தப்பிவரும் சிறிய மூலக்கூறுகள் அங்கே சிதைகின்றன. ஒரு தடை தவறினாலும் அடுத்தது பிடிக்கும். நிலத்தடிக்குள் செலுத்திக் குடிநீராக்கப்படும் இத்தகைய நீருக்குக் கலிபோர்னியாவின் விதி கடுமையானது: உள்ளே லட்சம் கோடி வைரஸ் இருந்தால், கடைசியில் ஒன்றுக்கு மேல் மிஞ்சக் கூடாது. நம் ஊரில் எந்தக் கிணற்றுக்கும் எந்தக் கேன் தண்ணீருக்கும் இப்படியொரு சோதனை இல்லை.

கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பு பொதுவாக லிட்டருக்கு 1 கிராம் அளவில்தான். கடல்நீரில் 35 கிராம். ஆகவே சவ்வைத் தள்ள மிகக் குறைந்த அழுத்தம் போதும். மின்சாரம் கடல்நீருக்கு ஆவதில் பாதிக்கும் கீழே. நூறு லிட்டர் விட்டால் 75 லிட்டருக்கு மேல் நன்னீராகத் திரும்பும். கடல்நீரில் 40, 45 லிட்டர்தான். இயற்பியல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரை நேராகக் குடிநீரில் கலந்து வருகிறது. வறண்ட நிலத்து ஊர், பக்கத்தில் வற்றாத ஆறு இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் குடிக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். அங்கே கடற்கரை நிலத்தடி நீரில் உப்பு ஏறிவந்தது. 1970-களிலேயே சுத்திகரித்த கழிவுநீரைக் கரையோரக் கிணறுகள் வழியே பூமிக்குள் இறக்கி, உள்ளே வரும் கடலைத் தடுக்க நன்னீரால் ஒரு மதில் எழுப்பினார்கள். 2008-ல் அதைப் பெரிய ஆலையாக விரித்தார்கள். இப்போது நாளுக்கு சுமார் 49 கோடி லிட்டர். சிங்கப்பூர் 2003-ல் நியூவாட்டர் என்ற பெயரில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு தேசிய தினத்தன்று பிரதமரும் பல்லாயிரம் மக்களும் ஒரே நேரத்தில் அந்த நீரைக் குடித்துக் காட்டினார்கள். அதன் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது. மழை குறைந்த மாதங்களில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது. அங்கே வேலைக்குப் போயிருக்கும் ராமநாதபுரத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் குழாய் நீரைக் குடித்து நலமாக இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரம் கடும் வறட்சியின் நடுவே 2006-ல் இதற்கு வாக்கெடுப்பு நடத்தியது. 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். மக்களிடம் முன்கூட்டியே பேசாமல், முடிவெடுத்துவிட்டு ஒப்புதல் கேட்டால் இதுதான் நடக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதில்லை. 1990-களின் தொடக்கத்திலேயே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் சென்னைக் குடிநீர் வாரியத்திடம் கழிவுநீரை விலைக்கு வாங்கித் தாங்களே சுத்திகரித்துப் பயன்படுத்தின. 2019-ல், சென்னை வறண்டு கிடந்த அதே ஆண்டில், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் ஆலைகள் தொழிற்சாலைகளுக்கு நீர் கொடுக்கத் தொடங்கின. தொழிற்சாலை அந்த நீரை எடுத்துக்கொண்டால், அது குடித்துக்கொண்டிருந்த ஏரி நீர் வீடுகளுக்கு மிஞ்சும்.

அப்படியானால் உப்பூரிலும் ஒரு நியூவாட்டர் ஆலை கட்டிவிடலாமா? கூடாது. உப்பூரில் பாதாளச் சாக்கடை கிடையாது, கழிவறைக் குழிகள்தான். 55 லிட்டர் கிடைக்கும் வீட்டில் வெளியேறும் புழங்குநீர் தென்னைக்கும் வாழைக்கும் போய்விடுகிறது, அதுவே நல்ல மறுபயன்பாடு. சிறிய ஊரில் அவ்வளவு நுட்பமான ஆலையை நாள்தோறும் கண்காணிக்க ஆளும் ஆய்வகமும் இருக்காது. நரிப்பையூருக்கு நேர்ந்தது அங்கும் நேரும். கண்காணிப்பு இல்லாத மறுசுழற்சி நீர், கண்காணிப்பு இல்லாத கடல்நீர் ஆலையைவிட ஆபத்து. கடல்நீர் ஆலை பழுதானால் நாக்கு உப்பைக் காட்டிக்கொடுக்கும். கிருமியை நாக்கு காட்டாது.

உப்பூருக்கான மறுசுழற்சி நீர் உப்பூருக்கு வெளியே தயாராக வேண்டும். மதுரையும் திருச்சியும் ஈரோடும் தங்கள் கழிவுநீரை முழுதாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைக்கும் பூங்காவுக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்தினால், அந்த அளவுக்கு ஆற்றிலிருந்து அவை எடுப்பது குறையும். ஆற்றில் விட்டே தீர வேண்டிய மிச்சமும் கெடாத நீராக இறங்கி வரும். மேல்மடைக்காரர் திருப்பிப் பயன்படுத்தும் ஒவ்வொரு லிட்டரும் கடைமடைக்காரருக்குக் கிடைக்கக்கூடிய ஒரு லிட்டர். ராமநாதபுரம் கடற்கரைக்கு நீண்டகாலக் குடிநீர்த் திட்டம் போடுகிறவர்கள் மதுரையின் கழிவுநீர் நிலையத்தை அந்தத் திட்டத்தின் பகுதியாக எழுத வேண்டும். இன்றுவரை இவை தனித்தனி அலுவலகங்களில், தனித்தனிக் கோப்புகளில் இருக்கின்றன.

மாவட்டத்துக்குள் வேலை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று ராமநாதபுரம் நகரம். அங்கே பாதாளச் சாக்கடை இருக்கிறது. சுத்திகரித்த நீரை இன்னும் ஒரு படி உயர்த்தினால், வயலுக்கும் மரத்துக்கும் உடனே கொடுக்கலாம். பத்து ஆண்டு அளந்து பார்த்து நம்பிக்கை வந்தபின், கடல் ஏறிவரும் இடங்களில் மணலுக்குள் இறக்கி உப்பைப் பின்னுக்குத் தள்ளலாம். இன்னொன்று ராமேஸ்வரம். தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்து குளித்துப் போகும் ஒரு சின்னத் தீவு. தங்கும் விடுதிகள் புழங்கிய நீரைப் பூமிக்குள் விட்டால், கோயில் கிணறுகளுக்கு நீர் தரும் அந்த மணற்படுகையே கெடும். அந்தத் தீவில் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிப்பது குடிநீர்த் திட்டத்தின் முதல் வேலை.

கடல்நீர் ஆலையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2016 போன்ற வறட்சி இரண்டு ஆண்டு தொடர்ந்தால் மழையையும் ஆற்றையும் நம்பாத ஒரே ஆதாரம் அதுதான். அளவு சிறியதாக, மீனவர்களோடு கலந்துபேசித் தேர்ந்த இடத்தில், உப்புநீர் கலையும் விதத்தை ஆண்டு முழுக்க அளந்து பார்த்து, 20 ஆண்டுக்கான நடத்தும் செலவை முதல் நாளே ஒதுக்கி வைத்துக் கட்டினால் அது காப்பீடாக நிற்கும். ஊருணியும் கண்மாயும் ஆற்றங்குழாயும் நகரங்களின் மறுசுழற்சியும் அன்றாடப் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

இந்தக் கரையோர ஊராட்சிகளில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் மூன்று விவரங்களைக் கேட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். காவிரிக் குழாய் முப்பது நாள் நின்றால் ஊரில் எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது? ஊருணியின் வரத்துக்கால் கடைசியாக எந்த ஆண்டு தூர்வாரப்பட்டது? குழாயில் வரும் நீரின் சோதனை முடிவு எந்தப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது? மதுரையிலும் திருச்சியிலும் இருக்கும் வாசகர்களே, உங்கள் ஊரில் கழிவுநீர் மறுசுழற்சி ஆலை வரும்போது அளவீட்டுத் தாள்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவை சரியாக இருந்தால் அந்த ஆலைக்கு ஆதரவாக நில்லுங்கள்.